பன்னிரண்டாம் எண் கூண்டு

ஐந்தாம் கல்லை நடப் போனோம்.
நான்காம் கல் கடலுக்குள் இருக்கிறது.
மூன்றாம் கல்லைப் பற்றிக் கோப்பில் படித்ததோடு சரி.

வடக்குக் குப்பத்துப் படகு எங்கே முடிகிறது,
தெற்குக் குப்பத்துப் படகு எங்கே தொடங்குகிறது:
ஒன்றே கால் மீட்டர் மணல்.
அதற்கு இதுவரை
எரிந்த ஃபைபர் படகுகள் மூன்று,
வழக்குகள் பதினேழு,
அஞ்சாப்புலியின் மண்டையில் தையல் ஒன்பது.
மழைக்கு முந்தின நாள்
ஒன்பதும் தனித்தனியாய் வலிக்குமாம்.

நான் நில அளவர்.
கையில் ஒரு கோல், அதன் தலையில் ஒரு தட்டு,
தட்டுக்கு மேலே இருபத்தொரு செயற்கைக்கோள்.
அவை சொல்லாமல்
ஒரு கல்லை ஊன்ற எனக்கு அதிகாரமில்லை.

காலை பத்தே கால்.
திரையில் ‘ஃபிக்ஸ்’ என்று வர வேண்டிய இடத்தில்
‘ஃப்ளோட்’ என்றே நின்றது.
எல்லை வடக்கே நான்கு மீட்டர் போனது.
தெற்குக்காரர்கள் கைதட்டினார்கள்.
திரும்பித் தெற்கே ஆறு.
கல்லைத் தேடி யாரோ குனிந்தார்கள்.
பிறகு மேற்கே, ஐஸ் கம்பெனிச் சுவரைத் தாண்டி.
பிறகு கடல்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்,
நான்தான் காசு வாங்கிக்கொண்டு
எல்லையை உலாவ விட்டதுபோல.

சென்னைக்குப் போன் போடப் போன
செயின்மேன் ஞானப்பிரகாசம்
திரும்பி வந்து, வெட்கத்தோடு சொன்னான்:
“சூரியன்ல புயலாம் மேடம்.”

சிரிப்பு முதலில் தெற்கிலிருந்து வந்தது.
அடக்கிப் பார்த்து, வடக்கும் சேர்ந்துகொண்டது.
“புயலா? எத்தனாம் நம்பர் கூண்டு?”

புயலை இவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.
‘தானே’ ஓடுகளைப் பிய்த்த இரவில்
இரண்டு குப்பமும் ஒரே பள்ளிக்கூடத்தில்
தலையும் காலும் இடிக்கப் படுத்திருந்தது.

துறைமுகத்தில் கூண்டு ஏற்றி ஓய்வு பெற்ற கன்னையன்
விரல் மடக்கினார்:
“பத்து, பெரும் அபாயம்.
பதினொண்ணு,
வானிலை ஆபீசோட பேச்சே அறுந்துபோச்சு.
அதுக்கு மேல கூண்டு செய்யல.”

அதற்கு மேலேதான் அது இருந்தது,
பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி,
எந்தக் குப்பத்துக்கும் ஆகாததாய்.
லேசாகத் தும்மியதற்கே என் எல்லை ஆடுகிறது.
உரக்கத் தும்மினால்?
நெய்வேலியிலிருந்து வரும் கம்பி கருகும்,
ஐஸ் உருகும், மீன் நாறும்,
ஜி.எச்.சில் விளக்கு எரியாது.
அப்போதும் ஒருவன் குச்சி எடுத்து
மணலில் கோடு கிழிப்பான் என்று தோன்றியது.
அது ஆறுதலா, தெரியவில்லை.

நிழல் என்று இருந்தது மீன் ஏலக் கொட்டகை ஒன்றுதான்.
இரண்டு குப்பமும் அதற்குள் வந்தன,
நடுவில் மூன்று போலீஸ்.
தங்கமயில் சுண்டல் விற்றாள், இரண்டு பக்கமும் அதே விலை.

அஞ்சாப்புலி வழக்குக் கட்டைப் பிரித்து
எக்ஸ்ரே படத்தை உருவினார்.
வெளியே போய், அண்ணாந்து,
தன் மண்டையோட்டின் வழியே
சூரியனைப் பார்த்தார்.
ரொம்ப நேரம்.
“ஒண்ணும் தெரியல. வழக்கமாத்தான் இருக்கு.”

“குடு, நான் பாக்கறேன்”
என்று கை நீட்டியவன் பாலகுரு,
அந்த வழக்கில் ஏழாவது எதிரி.
கொடுக்கலாமா என்று
அவர் இன்ஸ்பெக்டரைத்தான் பார்த்தார்.
இன்ஸ்பெக்டர் சுண்டல் பொட்டலத்தைப் பார்த்தார்.
படம் கை மாறியது.
விரிசல் விழுந்த இடத்தில்
வெளிச்சம் கொஞ்சம் அதிகமாக இருந்திருக்க வேண்டும்;
பாலகுரு சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

நாலு ஐம்பதுக்கு ‘ஃபிக்ஸ்’ வந்தது.
பிழை இரண்டு சென்டிமீட்டர்.
கல்லை நட்டோம்.
சிமென்ட் காய்வதற்குள் கத்தல் தொடங்கிவிட்டது,
அதே குரல்கள்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
தாமதத்துக்கான காரணம்.
‘சூரியன்’ என்று எழுதினேன்.
தாசில்தார் அதைச் சிவப்பு மையால் அடித்து
‘நிர்வாகக் காரணம்’ என்று திருத்தி
கையெழுத்துப் போட்டார்.
ஜன்னல் வழியே அவர் மேசைமேல்
வெயில் விழுந்துகொண்டிருந்தது.
திரையை இழுத்துவிடச் சொன்னார்.