எட்டு விநாடி

முதலில் ஃபிரிட்ஜை நிறுத்தினேன்.
அதன் முனகல் மைக்கில் ஏறும்.
திரும்பப் போட மறக்காமலிருக்க
கார்ச் சாவியை உள்ளே
பாலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
இந்தத் தொழிலில் ஞாபகம் என்பது இவ்வளவுதான்.

வின்னிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
பூட்ஸைக் கழற்றிவிட்டுக்
கம்பளிக் காலுறையோடு நால்வரும் உள்ளே வந்தார்கள்,
வெள்ளிக்கிழமைதோறும்
மதுக்கூடத்து ஜன்னல்களை உலுக்குகிறவர்கள்.
இன்றைக்கு ஆம்ப்ளிஃபயர் இல்லை.
டிரம்ஸ் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்;
ரெனால்ட் டெஜார்லே ஒரு சூட்கேஸும்
இரண்டு பெயின்ட் பிரஷ்ஷும் கொண்டுவந்தான்.
அடிக்கவில்லை,
யாரையோ தூங்கவைப்பதுபோல் வருடினான்.

சத்தத்துக்குப் பின்னால்
இத்தனை நாள் ஒளிந்திருந்தவை
ஹெட்ஃபோனுக்குள் வந்தன:
கம்பியில் விரல் நகரும் கீச்சு,
மார்னி கொவல்சக் எச்சில் விழுங்குவது,
வரியின் கடைசிச் சொல்லில் அவள் சுருதி
ஒரு மயிரிழை இறங்குவது.
ஆறு வருடமாக எனக்கு அது தெரியாது.
அவளுக்கும் தெரியாதோ என்னவோ.

மூன்றாவது பாட்டு
அண்ணனைப் பற்றியது என்று மட்டும் சொன்னாள்.
பல்லவிக்குத் திரும்பவேண்டிய இடத்தில்
நின்றுவிட்டாள்.

நிலையத்தில் ஒரு பெட்டி இருக்கிறது.
எட்டு விநாடி ஒன்றும் கேட்கவில்லையென்றால்
ஆள் செத்துவிட்டான் என்று முடிவுகட்டி
விளம்பரத்தைத் தானே ஓடவிடும்.
மெத்தைக் கடை. தவணை வசதி உண்டு.
அதற்குத் தெரிந்த மௌனம் ஒரே வகைதான்.

இரண்டு. மூன்று.
கண்ணாடிக்கு அப்பால் யாரும் அவளைப் பார்க்கவில்லை;
பார்க்காமலிருப்பதில் ஒரு மரியாதை இருந்தது.
நான்கு. மைக்கின் அளவை ஏற்றினேன்,
அறையாவது கேட்கட்டும் என்று.
ஐந்து. முள் அசையவில்லை.
ஆறு.
ஏழில்
பாஸ் வாசிக்கிற ஐனார்
நாற்காலியில் லேசாகச் சாய்ந்தான்.
பழைய மர நாற்காலி. கிரீச்.
பெட்டி மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது.
அவள் மூச்சை இழுத்தாள்.
பல்லவிக்குப் போகவில்லை,
முதல் வரிக்கே போனாள்.

முடிந்ததும் போர்ட்டேஜ் லா பிரெய்ரியிலிருந்து
ஒரு லாரிக்காரர் கூப்பிட்டார்.
நடுவில் ஒரே ஒரு தரம் வாசித்தார்களே,
அது என்ன வாத்தியம்?
ஐனாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வாசலில் காற்று முகத்தை அறுத்தது.
ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாவிதான்
அந்தத் தெருவிலேயே சூடான பொருள்.
மூன்றாவது சிக்னலில்தான் உறைத்தது:
சாவியை எடுத்தேன்,
சுவிட்சைப் போடவில்லை.
பச்சை விழுந்தது.
பால் போனால் போகட்டும்.