மூன்று கிலோ சர்க்கரை

எல் ஆல்ட்டோ மேட்டில் மறியல்.
காலை ஒன்பதரைக்கு ஏற்றிய கலவை
என் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கிறது,
ஏழு கன மீட்டர்.
சிமென்ட்டின் பொறுமை இரண்டு மணி நேரம்,
மிஞ்சினால் இரண்டரை.
அப்புறம் டிரம் முழுக்க ஒரே கல்.
ஒருமுறை உளியும் சம்மட்டியுமாய் உள்ளே இறங்கி
மூன்று நாள் உடைத்திருக்கிறேன்.
அந்தச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

சாலைக்குக் குறுக்கே பாறைகள், டயர்கள்,
சால்வை போர்த்திய பெண்கள்.
பதினோரு மாதமாய்க் குழாயில் காற்றுதான் வருகிறதாம்.
"மேயர் வரட்டும் செலெஸ்தீனோ, அப்புறம் உன் லாரி."
என் பெயரைச் சட்டையில் படித்திருக்கிறார்கள்.

பள்ளத்தில் ராத்திரி உறைந்த பனிக்கட்டி
வெயில் பட்டதும் விட்டுக்கொடுக்கிறது.
பொழுது சாய்ந்தால் மறுபடி உறையும்,
நாளைக்கு மறுபடி இளகும்.
அதற்கென்ன,
எதையும் முடிவு செய்யவேண்டியதில்லை.

ஊதாச்சோளக் கஞ்சி விற்கும் பிரிமித்தீவாவிடம்
மூன்று கிலோ சர்க்கரை கேட்டேன்.
"கஞ்சிக்கா?"
"கான்கிரீட்டுக்கு."
வரிசையே சிரித்தது.

சர்க்கரை சேர்ந்தால் சிமென்ட் இறுகத் தயங்கும் என்றேன்.
"தயங்குமா, மனசு மாறுமா?"
தயங்கும். அவ்வளவுதான்.
இறுகியபின் எந்த வெயிலுக்கும் இளகாது.
"என் பானையிலும் அதே கதைதான்," என்றாள்,
"வெந்த மாவு பச்சை மாவாகாது.
சர்க்கரை தருகிறேன். எதில் கரைப்பாய்?"

நான் வாயைத் திறக்கவில்லை.
அவள் கண் லாரியின் பக்கவாட்டுக்குப் போயிற்று,
டிரம் கழுவும் தொட்டிக்கு.
முந்நூறு லிட்டர்.
"கழுவத்தான் அது, குடிக்க இல்லை."
"எங்கள் பாவாடைகளும் குடிப்பதில்லை."

குடம், வாளி, பெயின்ட் டப்பா,
ஒரு குழந்தையின் குளியல் தொட்டி.
எனக்கென்று கடைசியாய் ஒரு வாளி மீந்தது.
அதில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கினேன்.
வெள்ளை மறைந்தது. தண்ணீர் தண்ணீராகவே நின்றது.
அடுப்பில் வற்ற வைத்தால்
சர்க்கரை இன்னும் உள்ளேதான் இருக்கும்.
ஏணியில் ஏறி டிரம்மின் வாயில் ஊற்றினேன்.
இனி எந்த அடுப்பாலும் ஆகாது.

இப்போது தொட்டி காலி.
நேரத்துக்கு இறக்கினாலும் டிரம்மைக் கழுவ
என்னிடம் சொட்டு இல்லை.
பாதை திறக்கவில்லை. மேயர் வரவில்லை.
மணி ஒன்று.

பிரிமித்தீவா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள்,
சுழலும் இரும்பின் அருகே காதைக் கொடுக்கிறாள்.
உள்ளே சளக், சளக்.
மற்றவர்களிடம் திரும்பிச் சொல்கிறாள்:
"இன்னும் பச்சைதான்."