நாலு தட்டு

"பால் பைதான்" என்றதும்
பால் குடிக்குமா என்றார்
மன்னார்குடி பட்டறை சவரிராயன்.
பந்து, அண்ணே. பயந்தால் பந்தாகிவிடும்.

முதலில் கண்ணாடித் தொட்டிதான் வாங்கினேன்,
மூன்றடி, விளக்கோடு.
நாற்பது நாள் எலியைத் தொடவில்லை.
மூலையில்
தன் உடம்புக்கடியில் தன் தலையை
ஒளித்து வைத்திருந்தது.

இப்போது அளவு சொல்கிறேன்:
நாலு தட்டு. டப்புக்கு மூடி கிடையாது,
மேல்தட்டே மூடி.
நடுவில் ஐந்து ரூபாய்க் காசு
நுழையக் கூடாது.
பின்பக்கம் சூட்டுப் பட்டை ஒட்ட இடம்.
ஈரம், ஐப்பசி வந்தால்
செலவில்லாமல் வரும்.

"இருட்டா கிடக்குமே தம்பி, பாவம்."

வெல்டிங் பொறி தெறித்தபோது
பட்டறை முழுசாகத் தெரிந்தது:
இரண்டு கடைச் சுவர்களுக்கு நடுவே
முதுகு உரசும் அகலம்.
மதியச் சோறும் அங்கேதான்,
வாசலுக்கு முதுகைக் காட்டி.