நாற்பத்தோராவது பெட்டி

கடைசியில் இறங்குவது முதலில் ஏற வேண்டும்.
லொரெட்டா மாக்கி கறுப்பு மார்க்கரால்
பெட்டி முதுகில் எண் போடுகிறாள்.
கையுறை மாட்டிய விரலுக்கு
விலாசம் எதற்கு?

டுலூத்தின் மேட்டுத் தெருக்களில்
ஏறும்போது ஒரு பக்கம்,
இறங்கும்போது மறுபக்கம்.
இடப்பக்கம் திரும்பினால் சிக்னல் தின்றுவிடும்
ஒன்றரை நிமிடம்.
நாய் இருக்கிற வீட்டுக்குத் தனிக் குறி.

நாற்பத்தொன்று, அவள் வீடேதான்.
மகனுக்குப் பனி பூட்ஸ், அவளே போட்ட ஆர்டர்.
சன்னலில் டிவியின் நீலம்,
சோபா விளிம்பில் அவன் பாதம் மட்டும்.
மணி அடிக்கவில்லை.
வாசலில் வைத்துப் படம் எடுத்தாள்.
தெளிவில்லை என்றது செயலி.
பெட்டிமேல் விழுந்த பனியைத் துடைத்து
மறுபடி எடுத்தாள்.

இருபது விநாடி நட்டம்.
நாற்பத்திரண்டில் பிடித்துவிடலாம்,
அந்த வீட்டுக்குப் படி கிடையாது.