கத்தரிக்கோல்

டிக்கோயா ஆஸ்பத்திரியில் எனக்கு இரவு வேலை.
நனைந்த ஜக்கெட்டுகளை வெட்டித் திறப்பது.
ஒன்பது வருடமாகிறது.

காயத்தைப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.
முழங்காலில் பொடிக்கல் ஏறியிருந்தால்
பாலத்துக்கு இந்தப் பக்கம்,
கொட்டிய நாளிலிருந்து யாரும் பரப்பாத சல்லி.
தலைமயிருக்குள் சிவப்பு மண்ணென்றால்
சரிவு விழுந்து பாதி ரோடு மிஞ்சிய இடம்.
டீசல் மணத்தால், பஸ்.
சட்டைக்குள் தேயிலைக் கொப்போடு வருகிறவன்
கொடுத்துவைத்தவன்,
செடி பிடித்து நிறுத்தியிருக்கிறது.

கண் திறந்ததும் எல்லோரும் கேட்பது,
"பைக்குக்கு என்ன ஆச்சு?"
கால் இருக்கிறதா என்று கேட்டவன்
இதுவரை ஒருத்தனும் இல்லை.
காலுக்கு லீசிங் கட்டவேண்டியதில்லையே.

நேற்று பத்தேமுக்காலுக்கு ஒருத்தன்.
சுலக்ஷன், இருபத்திரண்டு, மேல் டிவிஷன்.
காற்சட்டை விளிம்பில் கத்தரிக்கோலை வைத்தேன்.
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.
"வெட்டாதீங்கண்ணே. நாளைக்கும் இதுதான்."
தொடையெலும்பு வெளியே வந்து
எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது.
வெட்டினேன்.

அவனைத் தியேட்டருக்குள் தள்ளிவிட்டுத் திரும்பினால்
பொலித்தீன் பைக்குள் அவன் போன் நடுங்குகிறது.
"எங்க நிக்கிறீங்க? நாப்பது நிமிஷமாச்சு.
பிள்ளை சாப்பிடாம தூங்கப் போகுது."
பெண் குரல். கோபம் இல்லை, அலுப்பு.
நான் என்ன சொல்ல.
"மழைம்மா" என்றேன்.
கொஞ்சம் பேசாமல் இருந்தாள்.
"சரி, பார்த்து மெதுவா வாங்க."

வாசலில் அவன் சாப்பாட்டுப் பெட்டி.
ஒரு கீறல் கிடையாது.
திறந்தேன். இரண்டு கொத்து,
ஒன்றில் உறைப்பு வேண்டாமென்று எழுதியிருந்தது.
இன்னும் சூடு.

விடிந்து வீட்டுக்கு வந்தேன்.
மேசையில் மகனின் லீசிங் ஃபோர்ம்,
மேலே தீப்பெட்டி வைத்திருந்தான் பறக்காமலிருக்க.
பிணையாளி நான்தான்.
கையெழுத்து வைக்கும் இடத்தில்
பென்சிலால் ஒரு புள்ளடி, எனக்குப் புரியட்டுமென்று.

அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.
அடுப்புக்கு மேலே கொடியில்
அவனுடைய காற்சட்டை, இன்னும் ஈரம்.
தொட்டுப் பார்க்கத்தான் போனேன்.
எந்தத் தையல் வழியாகப் போனால்
சீக்கிரம் திறக்கும் என்று
விரல் தன்பாட்டில் தேடத் தொடங்கியது.