அசைவு, 05:14

யெகாத்தரின்பூர்க், ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
உள்ளே, நுண்ணோக்கியின் தொண்டைக்குள்
முந்நூறு டிகிரியில் ஒரு நிக்கல்-அலுமினியச் சீவல்.
தலைமுடியை ஆயிரமாய் வகிர்ந்தால் வரும் தடிமன்.

ரிம்மா கலிம்சியானவா விளக்கை அணைக்கிறாள்.
சாம்பல் திரையில் கோடுகள். எல்லாம் சோடி சோடியாக.

வெறும் நிக்கலில் பிறழ்வு தனியே திரியும்,
கேட்பாரில்லை.
இங்கே ஒவ்வோர் அணுவுக்கும் இருக்கை எண் உண்டு:
மூலைகளில் அலுமினியம், முகங்களில் நிக்கல்.
ஒரு கோடு கடந்து போனால் அதன் பின்னால்
எல்லோரும் தப்பான இடத்தில்,
ஆகாத அண்டை வீட்டாரோடு.
ஆகவே இன்னொன்று பின்தொடர வேண்டும்,
முன்னது கலைத்ததைத் திரும்ப அடுக்கிக்கொண்டு,
ஒட்டாமல், விட்டும் போகாமல்,
நாலைந்து நானோமீட்டர் தள்ளி.

"புருஷன் பெண்டாட்டி மாதிரி" என்கிறான் வெனியமின்,
நைட்ரஜன் குடுவையை இறக்கி வைத்தபடி.
"இல்லை. ஒரே பிசகின் இரண்டு பாதி.
சூட்டை ஏற்று."

நானூறு. ஐந்நூறு.
இரும்பும் செம்பும் இளகத் தொடங்கும் சூட்டில்
இது இறுகுகிறது.
எண்ணூறு தாண்டினால் இதுவும் தளரும், அவளுக்குத் தெரியும்.
அதுவரை ஒரு வீம்பு.

அறுநூறு.
முன்னே போன பாதி, சொல்லாமல் கொள்ளாமல்,
தன் தளத்தை விட்டுக் குறுக்குத் தளத்தில் ஓரெட்டு ஏறுகிறது.
அங்கே போக வழியில்லை.
பழைய தளத்தில் நிற்கும் பாதி
இழுக்கவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல்
பூட்டு.

அடுத்த சோடி வருகிறது. பூட்டு.
அதற்கடுத்தது.
நாளை விமானத்தின் வயிற்றில்
சுழலித் தகடு நெருப்பைத் தாங்கி நிற்பது
இப்படிப் போக முடியாமல் போனவற்றால்தான்.

நாலு மணிக்கே பதிவுக்கருவி நிரம்பி நின்றுவிட்டது.
கண்ணால் பார்க்கிறாள். கண் எரிகிறது.
தேநீரில் எலுமிச்சை வில்லை ஆறிப்போய் மிதக்கிறது.
ஒரு மணி நேரமாய் ஒன்றும் இல்லை.
'அசைவில்லை' என்று எழுதக் குனிகிறாள்,
பேனா மை வர மறுக்கிறது, உதறுகிறாள்,
முதல் டிராம் தெருமுனையில் திரும்ப
தரை லேசாக அதிர்கிறது.

நிமிர்ந்தால்
இடப்பக்கப் பூட்டைக் காணோம்.
சீவலின் தோலில், அது போன வழியில்,
மெல்லிய ஒரு தடம்.

"பார்த்தாயா?"
வெனியமின் சன்னல் பனியைச் சுரண்டி
டிராமைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுதியதை அவள் அடிக்கவில்லை.
கீழே சேர்க்கிறாள்:
05:14. அசைந்தது.
யாரும் பார்க்கவில்லை.