கோணம்

கோணம் எனக்கு முதலில் ஒரு பஸ் நிறுத்தம்.
ஐ.டி.ஐ. பையன்கள் கும்பலாய் ஏறுவார்கள்,
நான் இறங்குவேன்.
கல்லூரிப் பின்கட்டில், ஃபேன் அணைத்த அறையில்,
வெள்ளைப் பீங்கான் தட்டில்
மணவாளக்குறிச்சிக் கடற்கரை, ஒரு கைப்பிடி.

கருப்பு முதலில் போயிற்று.
கிளீட்டஸ் தன் ஆட்டோவின் பழைய ஸ்பீக்கரைப் பிளந்து
தந்த காந்தத்தில்
இல்மனைட் மயிர் முளைத்தது போல் ஒட்டிக்கொண்டது.
சிவப்பு கார்னெட், இடுக்கியால் ஒவ்வொன்றாய்.
தேன்நிற மோனசைட்டைத் தனிக் குப்பியில் மூடிவிட்டுக்
கை கழுவினேன், இரண்டு தடவை.
இரும்பு கொஞ்சம் தங்கினாலும்
கோடு தடித்துக் கலங்கிவிடும்.
மிச்சம் சிர்க்கான், நிறமில்லாதது.
நாலு நாள் வேலைக்குத் தொண்ணூறு மில்லிகிராம்,
ஒரு நுள்ளு உப்புக்கும் குறைவு.

கூரியர் கடையில் கேட்டார்கள்: உள்ள என்னது?
மண்ணு.
மதிப்பு எவ்வளவுன்னு எழுத?
பேனா காற்றில் நின்றது.

பெங்களூரில் வசுதா அதை இட்டு அடைத்த
சுண்டுவிரல் நுனி அளவு உருளையும்
சிர்க்கோனியாவில் செய்ததுதான்.
சொந்தக்காரர் வீட்டில்தான் தங்கல்.
காந்தப்புலத்துக்கு ஐம்பத்து நாலே முக்கால் பாகை சாய்த்துக்
காற்றை ஊதிச் சுழற்றினாள்,
நொடிக்குப் பத்தாயிரம் சுற்று.
ஆரல்வாய்மொழிக் காற்றாடிகள் கேட்டால் நம்பாது.

எதுக்குச் சரிக்கணும், என்றான் கிளீட்டஸ்.
குளச்சல் ஏலத்த நெனச்சுக்கோ.
ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு பக்கம் பாத்துக் கெடக்கு,
பாக்குற தெசைக்கு ஒரு வெல கூவுது.
எல்லாம் சேந்து கூவினா?
இரைச்சல்.
அந்தச் சரிவுல சுத்தினா தெசையோட பங்கு கழிஞ்சு போவும்.
மிஞ்சுறது ஒரே வெல.
அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்:
ஏலக்காரன் ஒத்துக்கிட மாட்டான்.

பிறகு காத்திருப்பு.
சிலிக்கானில் நூற்றுக்கு ஐந்துகூட வாய் திறப்பதில்லை.
திறந்தவையும் ஒரு துடிப்பு வாங்கினால்
ஆறி அமர ஒரு மணி நேரம் கேட்கின்றன.
நாற்பது துடிப்பு.
வெள்ளி ராத்திரி தொடங்கியது
ஞாயிறு மதியம், மீன்குழம்புக் கையோடு நான் இருக்கையில்
போனுக்கு வந்தது.

மைனஸ் எண்பத்திரண்டில் ஒல்லியாய் உயரமாய் ஒரு கோடு.
அதன் காலடியில், வலப்பக்கம்,
யாரோ போர்வைக்குள் படுத்திருப்பது போல் ஒரு மேடு.

கோடு, இடம் மாறாத அணுக்கள்.
மேடு?
உள்ளே சிக்கிய யுரேனியம் ஐம்பது கோடி வருஷமாய்
ஒவ்வொன்றாய் வெடிக்கிறது.
வெடித்த அணு துப்பாக்கி போல் பின்னுக்கு உதைக்க
அக்கம்பக்கத்து வரிசை ஆயிரக்கணக்கில் சரிகிறது.
சரிந்த சிலிக்கானும்
தன் நாலு ஆக்சிஜனைக் கைவிடவில்லை.
தெரு மட்டும் போய்விட்டது.
சுனாமி காலனியில் வீடு கிடைத்த வரிசையில்
குடியேறினோமே, அப்படி,
பக்கத்தில் யார் வந்தாரோ அவரோடு கை கோத்துக்கொண்டது.
பரப்பைக் கணக்கிட்டேன்.
நூற்றில் பதினொன்று.

கிளீட்டஸின் மனைவி ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.
அப்போ இந்த மண்ணு
நமக்கு ஆவுமா ஆவாதா?
இது கல்லுக்குள்ள நடந்ததத்தான் சொல்லும் ஜெசி,
ஒடம்பப் பத்தி இதுக்குத் தெரியாது.
அதத் தெரிஞ்ச மெஷின் எங்க இருக்கு?
நான் திரையைப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன்.

அவள் காத்திருக்கவில்லை.
பிள்ளையின் ஸ்கூல் ஷூவைப் படியில் தட்டிக் கவிழ்த்தாள்.
கருப்பு ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம்
சிமென்டில் தானாய்ப் பிரிந்து விழுந்தது.
துடைப்பம் எடுக்க உள்ளே போனாள்.
நான் குனிந்தேன்,
கையில் ஒரு காலித் தீப்பெட்டி.